பெர்மிட்டுக்கு முன் வந்த சத்தம்

பாலகோபால் ஜெர்மனியிலிருந்து வாங்க நினைத்த பழைய பின்னல் மெஷினின் சத்தம், இறக்குமதி பெர்மிட்டுக்கு இரண்டரை வருடம் முன்பே, 1993 ஆவணியில், கணபதி என்ற ஊரிலிருந்த அவருடைய ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. தவறு அவருடையதுதான். மனுப்போட்ட வாரமே, நல்ல நாள் தட்டிப்போகும் என்று வெறும் காங்கிரீட் மேடைக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்துப் பூஜை செய்துவிட்டார். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசுகிறார் என்று தெருவே சிரித்தது. மறுநாள் பத்தரைக்கு மேடைமேல் மெஷின் ஓடத் தொடங்கியது. மெஷின் இல்லை, ஓட்டம் மட்டும்.

பெர்மிட் ஆபீசில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மெஷினுக்கு இன்னும் ஐந்து வருடமாவது ஆயுள் உண்டென்று இன்ஜினியர் எழுதித்தர வேண்டும் என்பது சட்டம். வந்த இன்ஜினியர் கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டுவிட்டு, பேரிங் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். ஃபைல் டெல்லிக்குப் போனது, திரும்பியது, ஒரு நகல் குறைகிறது என்று மறுபடி போனது.

அதற்குள் பாலகோபாலுக்குச் சத்தம் பழகிவிட்டது. அதில் ஒரு பெண் இருந்தாள். கட்டைச் செருப்பில் நடந்தாள், நூல் அறுந்தால் உச்சுக்கொட்டினாள். மூன்றரைக்கு மெஷினை நிறுத்தி, நாற்காலியை இழுத்துப்போட்டுச் சாப்பிட்டாள். புரட்டாசி நடுவில் அது நாலரையாகும், பங்குனியில் மறுபடி மூன்றரை. ஜெர்மனியில் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றிவைப்பார்கள் என்று தெரியாவிட்டாலும் அவரும் தன் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டார். மனைவி லட்சுமியம்மாள் போய்ச்சேர்ந்தபின் அவர் தனியாகத்தான் சாப்பிட்டுவந்தார். ஒரே மகளையும் பெங்களூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. பணமுடை என்று அவர் மெஷினுக்கு அலையவில்லை. மூடிக்கிடந்த ஷெட்டில் மறுபடி நாலு பேர் வந்துபோக வேண்டும், அவ்வளவுதான். தனிமை அவரை அரித்துக்கொண்டிருந்தது. டிபன் கேரியரைத் திறக்கும்போது மேடையைப் பார்த்து, "சாப்பிடலாமுங்களா அம்மணி?" என்று கேட்டுவிட்டே முதல் வாய் வைப்பார்.

1996 தை மாதம் அவருக்காக மனு, பேப்பர் வேலை பார்க்கும் ராசப்பன் பெர்மிட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். சரக்கு, ஒரு மெஷின். கெடு, ஒரு வருடம்.

"ஏனுங்க ராசப்பா, கூட ஒரு அம்மணி இருக்காங்களே?"

ராசப்பனுக்கும் அது தெரியும். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் தயங்கினார். "பழைய சாமானுக்குத்தானுங்க பெர்மிட்டு. கழட்டிப் பொட்டியில போட்டா மெஷின் இங்க வந்துரும். அந்தம்மா அங்கயே நின்னுக்குவாங்க."

"அப்புறம் அவங்களுக்கு வேல?"

"அதுக்கு மனுவுல எடமில்லீங்க."

பாலகோபால் பெர்மிட்டை சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். ராசப்பன் மாதாமாதம் வந்து நினைவூட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு திட்டினார். கடைசியில் வருவதை நிறுத்திக்கொண்டார். சொந்தக்காரர்கள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத மனுஷன் என்றார்கள். ஷெட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

கெடு முடிந்த நாள் நாலரைக்கு மெஷின் நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம் அன்று வழக்கமான இடத்தில் நிற்காமல், மேடையிலிருந்து இறங்கித் தரையில் உரசிக்கொண்டே வந்து, அவருக்குப் பக்கத்தில் ஓய்ந்தது. பாலகோபால் கேரியரைச் சற்றுத் தள்ளிவைத்து இடம் கொடுத்தார். மறுநாளிலிருந்து ஓர் அடுக்கைக் காரமில்லாமல் கட்டிக்கொண்டு போனார்.