பஸ்ஸில் வந்த குரல்

லப்பைக்குடிகாட்டு ஜாவித்தின் குரல் அவனைவிட ஏழு நிமிடம் பிந்தி வீட்டுக்கு வரத் தொடங்கியது, சின்ன வெங்காயம் கிலோ நூறைத் தாண்டிய 2019ஆம் ஆண்டுக் கார்த்திகையில். சென்னை விமான நிலையத்தில் ஆளை இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பியவன், செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அவன் விளையாடுகிறான் என்று நினைத்து மனைவி ஃபஹ்மிதா அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏழு நிமிடம் கழித்து, ஆளில்லாத தெருவாசலில் அவன் குரல் வந்து நின்று, "ஃபஹ்மிதா, குடிக்கத் தண்ணி கொண்டா" என்றது. அவள் நாற்காலிப் பக்கம் ஒரு சொம்பும் வாசல் பக்கம் ஒரு சொம்பும் வைத்தாள். எதற்கும் இருக்கட்டுமே என்று நினைக்கிற பெண் அவள்.

காரணம் ஊருக்கே தெரியும். லப்பைக்குடிகாட்டில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ தம்மாமிலோ இருப்பார். லீவு முடிந்து கிளம்புகிறவரை அந்த ஊர் லேசில் விடாது. துஆ ஓதி வாசலுக்கு வந்தபின் ஊறுகாய் பாட்டில் ஞாபகம் வரும். அதை எடுத்து வைத்ததும் பெரியத்தா வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லையே என்று ஓடுவார்கள். வண்டியில் ஏறியவரை இறக்கி இன்னொரு முறை கட்டிப்பிடிப்பார்கள். மற்ற டிரைவர்கள் ஹாரன் அடித்துக் குடும்பத்தையே அழவைப்பார்கள். ஜாவித் ஒரு நாளும் அடித்ததில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்வீட்டு வேப்பமரத்தில் இலை எண்ணுகிறவனைப்போல உட்கார்ந்திருப்பான். ஜாவித் இருக்கிறானே, பிடித்துவிடுவான் என்ற தைரியத்தில் கால் மணி நேரமாக இருந்த வழியனுப்பல் ஊரில் ஒரு மணி நேரமாக வளர்ந்தது. அந்த நேரத்தையெல்லாம் அவன் திருமாந்துறை டோல்கேட் தாண்டியதும் தன் வலது காலால் மீட்டான். நூற்றிருபது, நூற்றுமுப்பது, ரோடு காலியாக இருந்தால் நூற்றைம்பது. பதினோரு வருஷத்தில் ஒரு விமானத்தையும் அவன் தவறவிட்டதில்லை. வீம்புக்கு ஓட்டியவன் இல்லை. அடுத்தவர் வீட்டு வாசலில் நாலு நிமிடம் கூடுதலாக நிற்கட்டுமே என்று ஓட்டியவன்.

ஆனால் நூற்றிருபதுக்கு மேல் அவன் குரலால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஏழு நிமிடம் அரை மணியாகி, அரை மணி அரை நாளாயிற்று. பெரம்பலூரில் ஒரு டாக்டர் தொண்டையில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை, குரல்தான் இங்கே இல்லை என்று சொல்லி இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். குரல் எப்படி வருகிறது என்பதும் மெல்லத் தெரியவந்தது. கார் இல்லாதவர்கள் வருகிற மாதிரிதான் அதுவும் வந்தது. தாம்பரத்துக்கும் திரிசூலத்துக்கும் நடுவே மின்சார ரயிலில் நெரிசலுக்குள், "கொஞ்சம் உள்ள தள்ளிப் போங்களேன், நடுவுல எடம் சும்மாத்தானே கெடக்குது" என்று ஆளில்லாமல் கேட்கிற ஒரு குரலைப் பற்றி ஆபீஸ் போகிற பெண்கள் பேசிக்கொண்டார்கள். விழுப்புரம் தாண்டி ஒரு டீக்கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. வேப்பூர் அருகே ரோட்டைக் கடந்த ஒரு பெரியவரைப் பார்த்து ஜாவித் "ஓரமா போங்கய்யா" என்று கத்தினான். அவர் பிழைத்தது அவருடைய கால் வேகத்தால். கத்தல், அவர் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. பெரியவர் தட்டை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாராம். இதைக் கேள்விப்பட்டு ஜாவித் சிரிக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. விமானம் நின்றது, பஸ் நின்றது, டோல்கேட்டில் ஆடு படுத்திருந்தது. வண்டிக்குச் சாக்கு போர்த்திவிட்டு ஜாவித் வீட்டிலேயே இருந்தான். துரத்தி ஓடுவதற்கு ஆள் இல்லாததால் குரலும் அவனோடேயே இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர்கள் பேசாத பேச்சையெல்லாம் அந்த மாதங்களில் பேசினார்கள். அவன் கேட்பதற்கும் அவள் பதில் சொல்வதற்கும் இடையே நேரமே இல்லாமல் இருந்தது ஃபஹ்மிதாவுக்கு ஆரம்பத்தில் கூச்சமாகக்கூட இருந்தது. எட்டு வருஷமாக உண்டாகாத பிள்ளை அடுத்த ஆண்டில் உண்டாயிற்று.

அதற்குள் வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஃபஹ்மிதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கைச் சொல்ல வேண்டும், அதுதான் அது கேட்கிற முதல் பேச்சாக இருக்க வேண்டும். யார் சொன்னாலும் செல்லும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஆனால் பெற்ற தகப்பன் சொல்லி அது கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை அவள் அழுது கேட்கவில்லை, உப்பு வாங்கி வரச் சொல்வதைப்போலச் சொன்னாள், அதனாலேயே அவனுக்கு நெஞ்சில் தைத்தது. அன்றிலிருந்து ஜாவித்தின் வண்டி எண்பதைத் தாண்டவில்லை. அரியலூர் சிமெண்ட் லாரிகள் அவனை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்தன. முன்கூட்டியே கிளம்புங்கள் என்று அவன் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊறுகாய் பாட்டில் மட்டும் எப்போதும்போல வாசலுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

மாசி மாதத்தில், பிள்ளைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்த நேரத்தில், நஜீமுதீனைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. தம்மாமில் வேலை. மறுநாள் வந்து சேராவிட்டால் வரவே வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர் அங்கே இருக்கும்போது பிறந்த மகளுக்கு மூன்று வயது. இரண்டு மாத லீவு முழுக்க அவரை அந்த மாமா என்றே அது சொல்லிவந்தது. அன்று விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்து அவர் வண்டியில் ஏறப் போகும்போது, அது வாசலுக்கு வந்து முதல் முறையாக அத்தா என்று கூப்பிட்டது. அதற்கு மேல் யாரால் கிளம்ப முடியும்? அவர் மகளைத் தூக்கியவர் ஐம்பது நிமிடம் இறக்கவில்லை. ஜாவித் மணியைப் பார்த்தான், வேப்பமரத்தைப் பார்த்தான். கிளம்புங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எண்பதில் போனால் அந்த மனிதரின் பிழைப்புப் போகும், வேகமாகப் போனால் தன் குரல் போகும். பத்து நாள் இருக்கிறதே, அதற்குள் குரல் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டோல்கேட் தாண்டியதும் காலை அழுத்தினான். விக்கிரவாண்டி அருகே முள் நூற்றைம்பதில் நின்றபோது அவன் உதடு அசைந்ததை நஜீமுதீன் கண்ணாடியில் பார்த்தார். என்ன தம்பி என்றார். ஜாவித் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

விமானம் கிடைத்தது. நஜீமுதீன் உள்ளே போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மாமியார் ஷரீபா போனில் கூப்பிட்டார். ஃபஹ்மிதாவுக்கு வலி கண்டுவிட்டது, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வாங்க தம்பி என்றார். ஜாவித் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடினான். இரண்டே முக்கால் மணி நேரத்தில் அவனால் பெரம்பலூர் போய்விட முடியும். போய் என்ன செய்வது? பிள்ளையின் காதருகே குனிந்து வெறும் காற்றை ஊத வேண்டும். குரல் தன்னைத் தேடி எப்படியும் தாம்பரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ரயில் பிடித்துத் திரிசூலத்துக்குத்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். குவைத் விமானத்தில் வரும் ஆளை ஏற்றிப்போகக் காத்திருந்த அரியலூர் டிரைவர் பிரசாத்திடம் வண்டிச் சாவியைக் கொடுத்தான். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டபிறகு தன் வலது கால் எண்பதில் நிற்காது என்பதைப் போனில் தட்டிக் காட்டினான். பிரசாத் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வண்டி நாளைக்கு வந்துவிடும் என்றான்.

திரிசூலம் ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்கு நடுவில் நின்றான் ஜாவித். இத்தனை வருஷம் ரோட்டில் முந்திக்கொண்டே வாழ்ந்தவன் தனக்காகக் காத்து நின்றது அதுதான் முதல் முறை. ரயில் வந்தது, பாதிச் சென்னை இறங்கியது, பாதிச் சென்னை ஏறியது. அடுத்தது வந்தது. டிபன் பை தூக்கியவர்கள், பேட்ஜ் மாட்டிய பிள்ளைகள், தூங்கிக்கொண்டே நடக்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் அவனை இடித்துக்கொண்டு போனார்கள். தினமும் இப்படித்தான் தன் குரல் இடிபட்டு வந்திருக்கிறது என்று நினைத்ததும் அவனுக்கு அதன்மேல் பாவமாக இருந்தது. பதினான்காவது ரயிலில், மணி பன்னிரண்டரைக்கு, மூன்றாவது பெட்டி வாசலிலிருந்து, "கொஞ்சம் வழி விடுங்கண்ணே, எறங்கணும்" என்று கேட்டது. ஜாவித் அசையாமல் நின்றான். குரல் மூச்சு வாங்க அவனிடம் வந்து சேர்ந்தது. "வந்துட்டேன்" என்றான் அவன், அல்லது அது. இருவரும் தாம்பரம் ரயிலுக்குப் போய் டிக்கெட் எடுத்தார்கள். ஒரு டிக்கெட்தான்.

தாம்பரத்தில் ஏறிய பஸ் எல்லா இடத்திலும் நின்றது. செங்கல்பட்டு தாண்டும்போது பெண் குழந்தை பிறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் ஷரீபா ஹஜ்ரத்தை வரவழைத்துவிட்டார். ஹஜ்ரத்தைச் சொல்லச் சொல்லலாம், இல்லாவிட்டால் மருமகனுக்குத்தான் குரல் வந்துவிட்டதே, போனைக் காதில் வைத்தால் முடிந்தது என்று அவர் நியாயம் சொன்னார். ஃபஹ்மிதா பிள்ளையின் வலது காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இந்த ஊர்ல பாதிப் புள்ளைங்க போன்லதாம்மா பாங்கு கேட்டுச்சு," என்றாள். "எம்புள்ளைக்கு வேணாம். ஆளும் கொரலும் ஒண்ணா வரட்டும்."

அறையில் யாரும் பேசவில்லை. பேசினால் அதுதான் முதல் பேச்சாகிவிடும் என்று பயந்து, ஷரீபாவும் ஹஜ்ரத்தும் நர்ஸ் சிவரஞ்சனியும் ஐந்து மணி நேரம் சைகையிலேயே காரியம் பார்த்தார்கள். பிறந்தபோது ஒரு தடவை அழுத குழந்தையும் அதற்குமேல் சத்தம் போடவில்லை. கண்ணைத் திறந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப்போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. உளுந்தூர்பேட்டையில் பஸ் டயர் மாற்ற நின்றபோது, தன் காலம் முழுக்கத் தான் முந்திச்சென்ற பஸ்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தன்னை முந்திப்போவதை ஜாவித் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையைக் கையால் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். பெரம்பலூர் நாலு ரோட்டில் இறங்கி ஆட்டோவில் ஏறி, "மெதுவா போங்கண்ணே" என்றான். ஆட்டோக்காரர் அவனை அறிந்தவர், திரும்பி இரண்டு தடவை பார்த்தார்.

பொழுது சாயும் நேரத்தில் அவன் அறைக்குள் வந்தான். ஃபஹ்மிதா அவனைப் பார்த்தாள், பிறகு காதிலிருந்து கையை எடுத்தாள். ஜாவித் குனிந்தான். வாய் அசைந்த அதே கணத்தில் குரலும் வந்தது. ரோட்டுப் புழுதியும் ரயில் நெரிசலும் பட்டுக் கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனால் ஒரு எழுத்துகூடப் பிந்தவில்லை. அவன் சொல்லி முடித்ததும் குழந்தை நிம்மதியாக அழ ஆரம்பித்தது. அடக்கி வைத்திருந்த ஷரீபாவும் சேர்ந்து அழுதார். ஐந்து மணி நேரப் பேச்சை அறை ஒரே சமயத்தில் பேசியது.

அதற்குப் பிறகு ஜாவித் எண்பதைத் தாண்டியதில்லை. வேறு வழி இல்லாமல் ஊர்தான் மாறியது. இப்போதெல்லாம் லப்பைக்குடிகாட்டில் முதல் நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்கே வழியனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள், ஊறுகாய் பாட்டில் முதலில் ஏறுகிறது. ஆனால் பழைய வேகத்தில் ரோட்டில் சிதறிப்போன சொற்கள் இன்னும் ஒன்றிரண்டு வந்துகொண்டுதான் இருக்கின்றன. சாப்பிட்டியா என்று 2019இல் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியது. ஃபஹ்மிதா சாப்பிட்டேன் என்று சொல்லி வாசலில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தாள்.

போன ஆவணியில் ஒரு பகல். ஜாவித் சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். மூன்று வயது மகள் வேப்பமர நிழலில் விளையாடிக்கொண்டிருந்தாள். வெயிலில் வெகுதூரம் வந்த மாதிரி ஒரு குரல் வாசலில் நின்றது. விக்கிரவாண்டியில், முள் நூற்றைம்பதில் நின்றபோது, அவன் உதடு மட்டும் அசைந்ததே, அந்தப் பேச்சு.

"அத்தா மேல கோவப்படாத தங்கம். எப்படியும் வந்துடுறேன்."

வயிற்றுக்குள் இருந்தபோது தனக்குச் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் யார் என்று தெரியும். மண்ணிலிருந்து தலையை எடுக்காமல், "சரித்தா, மெதுவாவே வா" என்று சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தாள்.