வடத்தின் கடைசி ஆள்

வேலூர் கோட்டை மைதானத்தில் நாங்கள் ஜெயித்த வெள்ளிக் கோப்பை இன்னும் முதலாளியின் அறையில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை சாம்பல் போட்டுத் துலக்குகிறார்கள். அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தால் எப்போதோ பாலாற்று மணலில் புதைத்துவிட்டு வந்திருப்பேன்.

என் பெயர் ரத்தினசாமி. ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில், பட்டைத் தொட்டியில் வேலை. ஆவாரம்பட்டையை இடித்து ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் தோலைப் புரட்டிப் புரட்டிப் பதப்படுத்த வேண்டும். எனக்கு முந்தின குழி சுண்ணாம்புக் குழி. பச்சைத்தோலில் மயிர் கழலுவதற்காக அதில் ஊறப்போடுவார்கள். அங்கே நின்றவன் அந்தோணி, என் தங்கை பூவம்மாளின் புருஷன்.

சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவனுக்குக் கை என்று ஒன்று மிஞ்சாது. அந்தோணிக்கு விரலெல்லாம் தோலுரிந்து, மிளகளவு குழி குழியாகப் புண். எவ்வளவு கழுவினாலும் சுண்ணாம்பு போகாது. பிறந்து மூன்று மாதமான பெண் குழந்தையின் கன்னத்தை ஒரு நாள் ஆசையாகத் தொட்டுவிட்டான். தொட்ட இடம் சிவந்து தடித்துப்போனது. அன்றிலிருந்து பிள்ளையை முழங்கை இரண்டையும் சேர்த்து ஏந்துவானே தவிர, கை படவிடமாட்டான். வேறு பிரிவுக்கு மாற்றுங்கள் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். குழியிலிருந்து யாரை மாற்றியிருக்கிறார்கள்?

அப்போதுதான் வெள்ளிவிழா வந்தது. வெள்ளைக்காரச் சக்கரவர்த்தி பட்டமேறி இருபத்தைந்து வருஷம் என்று முப்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் ஊரெல்லாம் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். எங்கள் முதலாளி ஜியாவுல்லா சாயபுவுக்கு வடம் இழுக்கும் போட்டியின் மேல் ஒரு பைத்தியம். எட்டுப் பேரைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"கப்பு நம்ம கிடங்குக்கு வரணும். வந்துச்சுன்னா, வடத்துல கடைசியா நிக்கிற ஆளுக்குத் தரம் பாக்குற எடம். இது என் வாக்கு."

தரம் பார்ப்பது கிடங்கிலேயே மரியாதையான வேலை. காய்ந்த இடம், பாய் மேல் உட்கார்ந்து செய்கிற வேலை. பதமான தோலை விரல்களுக்கு நடுவில் பிடித்து, எது மெலிசு, எது தடிப்பு, எது லண்டனுக்குப் போகும், எது உள்ளூருக்கு என்று பிரித்துப் போட வேண்டும். அதைக் கேட்டதும் அந்தோணி என் பக்கம் திரும்பினான். கடைசி ஆளாக நிற்கப்போவது தான்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டான்.

எங்களைப் பழக்கினவர் ராஜவேலு. பஸ்ரா வரைக்கும் போய்ச் சண்டை பார்த்துவிட்டு வந்தவர். பட்டாளத்தில் கம்பெனிக்குக் கம்பெனி வடம் இழுப்பார்களாம். கப்பலில் போகும்போதுகூட மேல்தளத்தில் இழுத்தார்களாம். ஒலிம்பிக் என்கிற உலகப் பந்தயத்திலேயே இது இருந்ததாகவும், பிறகு எடுத்துவிட்டதாகவும் சொல்வார். கோயில் தேர் வடத்தில் எங்களைக் கைவைக்க விட்டதில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த வடத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அந்தச் சந்தோஷம் எங்கள் எட்டுப் பேருக்கும் இருந்தது, பொய் சொல்வானேன்.

"குனியக் கூடாது. பின்னால சாயணும். குதிகால மண்ணுல பதி. கடைசி ஆள் மட்டும் வடத்த முதுகுல சுத்தித் தோள் மேல எடுத்துக்கலாம். ஆனா ஒருத்தனும் கையில சுத்தக் கூடாது. சுத்துனா வெரலு போய்டும். பட்டாளத்துல ரெண்டு பேருக்குப் போனத நான் பாத்தேன்" என்று தினமும் சொல்வார்.

பழகத் தொடங்கிய மூன்றாம் நாளே அந்தோணியின் உள்ளங்கை கிழிந்து வடமெல்லாம் ரத்தம். ராஜவேலு ஆளை மாற்ற வேண்டும் என்றார். அந்தோணி கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதான். முப்பது வயது ஆம்பிளை அழுததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"குழியிலேருந்து வர்ற தோலு எங்க போவுது மச்சான்? என் தொட்டிக்குத்தான? உன் கையும் அப்படியே வரட்டும். மாட்டுத்தோலே கெட்டிப்படுது, மனுசத்தோலு கெட்டிப்படாதா?"

அவன் சிரித்துவிட்டான். மறுநாளிலிருந்து, வேலை முடிந்து மணி அடித்ததும் என் தொட்டிக்கு வருவான். தவிட்டுத் தண்ணீரில் சுண்ணாம்பை நன்றாகப் போக்கி, முதலில் இளந்தண்ணீர், பிறகு கடுந்தண்ணீர் என்று, தோலுக்குச் செய்கிற முறையை ஒன்றுவிடாமல் அவன் கைக்குச் செய்தேன். நாற்பது நாள். புண் ஆறியது. கை கறுத்து, தடித்து, செருப்புத்தோல் ஆனது. வடம் உரசினாலும் கீறல் விழவில்லை. ராஜவேலுவே தட்டிப் பார்த்து அசந்துபோனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரம்பரையாகத் தோலோடு புழங்குகிறவர்கள் நாங்கள். ஆனால் நாங்கள் தொட்டதெல்லாம் செத்த தோல். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

வேலூர் மைதானத்தில் அக்கினி வெயில். கடைசிப் பந்தயத்தில் எங்களுக்கு எதிரில் வாலாஜாபேட்டை வண்டிக்காரர்கள். மாட்டை இழுத்து இழுத்து முறுக்கேறிய ஆட்கள். முதல் இழுப்பு எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதற்கு முன்னால் கொஞ்சம் ஓய்வு கொடுத்தார்கள். வரிசையில் ஏழாவது ஆள் நான். எனக்குப் பின்னால் அந்தோணி.

"மச்சான்" என்று மெதுவாகக் கூப்பிட்டான். "வடம் கையில நிக்குதா நழுவுதான்னே தெரியல. கண்ணால பாத்தாத்தான் தெரியுது."

எனக்கு அப்போது ஜெயிப்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. "அதெல்லாம் நிக்குது. பேஜார் பண்ணாம இழு" என்றேன்.

விசில் ஊதினார்கள். எவ்வளவு நேரம் இழுத்தோம் என்று தெரியாது. எங்களை ஒரு அடி இழுத்தார்கள், இரண்டு அடி இழுத்தார்கள். பிறகு வடம் நின்றது. பின்னால் யாரோ கல்தூணில் கட்டிவிட்டதுபோல் அப்படியே நின்றது. ராஜவேலு கத்தக் கத்த, அங்குலம் அங்குலமாக அவர்களை இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். கூட்டம் ஓவென்று எழுந்தது. நான் மண்ணில் விழுந்து சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அந்தோணியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வலது கையில் வடத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். நழுவுகிறதா என்று தெரியாதவன் வேறு என்ன செய்வான்? சாதாரணக் கையாக இருந்தால் முதல் இறுக்கிலேயே அலறி வடத்தை விட்டிருப்பான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வடத்தைப் பிரித்தபோது கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் தோலில் மட்டும் தொங்கின. அதைப் பார்த்த பிறகுதான் அவன் சிரிப்பு நின்றது.

ஆஸ்பத்திரியில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

ஜியாவுல்லா சாயபுவை நான் குறை சொல்லமாட்டேன். "வாக்கு குடுத்தா குடுத்ததுதான்" என்று, புண் ஆறியதும் அந்தோணியைத் தரம் பார்க்கிற பாயில் உட்கார வைத்தார். பூவம்மாள் அன்றைக்கு அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பினாள்.

வலது கையில் தோலைப் பிடிக்க விரல் இல்லை. இடது கையால் எடுத்தான். தடவினான், மடித்தான், கன்னத்தில்கூட வைத்துப் பார்த்தான். என் நாற்பது நாள் வேலை இடது கையிலும் சுத்தமாகப் பிடித்திருந்தது. ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்றுகூட விரல் சொல்லவில்லை. அவன் பிரித்துப் போட்ட குவியலை, அங்கே மூத்தவரான நிசார் அஹமது மறுபடி பிரித்தார். இரண்டாம் நாளும் பிரித்தார். மூன்றாம் நாள் அந்தோணி தானாகவே எழுந்து, "என்னால ஆவாது பாய்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

பழைய குழிக்கே போய் நின்றான். ஊறின தோலைக் கொக்கியால் தூக்க வேண்டும். மூன்று விரலில் கொக்கி நிற்கவில்லை. ஐப்பசியில் இடது கையின் கறுப்புத்தோல் உரிந்து, உள்ளே பிள்ளைத்தோல் வந்தது, தொட்டது தெரிய ஆரம்பித்தது. அதற்குள் பாயில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான். சாயபு இரக்கப்பட்டு, "உன் வூட்டுக்காரிய அனுப்பு, அந்தக் குழியவே குடுக்கிறேன்" என்றார்.

பூவம்மாள் போனாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வடம் விரலை அறுத்தது என்பது மட்டும்தான். அவன் கை கறுத்துத் தடித்தது வடம் பழகியதால்தான் என்று நினைத்திருந்தாள். பட்டைத் தண்ணீர் சங்கதியை அந்தோணி அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தைரியம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தோணி பிள்ளையை இடது கையில் வைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் கை பட்டால் பிள்ளை அழுவதில்லை. பூவம்மாள் என் முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரலெல்லாம் உரிந்து, மிளகளவு குழி குழியாக.

"அண்ணா, உன் தொட்டித் தண்ணில கைய வெச்சா கெட்டிப்படுமாமே, கூட வேல செய்ற பொம்பளைங்க சொல்றாங்க. ஒரு சொம்பு எடுத்தாரியா? பால் குடுக்கையில என் கை பட்டா புள்ள அழுவுது."

அந்தோணியைப் பார்த்தேன். திட்டுவான், இப்போதாவது சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "எடுத்துட்டு வா மச்சான்" என்றான். "அவளுக்கு எரிச்சலாவது இல்லாம இருக்கட்டும்."

திங்கட்கிழமை மணி அடித்ததும் சொம்பை நிரப்பிக்கொண்டு போனேன்.