முழு மாத்திரை

கண் ஆபரேஷனுக்காகத் தாண்டவராயன் மாமா திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். என் அக்கா ஜெயம்மாளின் வீட்டுக்காரர். நான்கு வருஷமாகச் சர்க்கரை வியாதி. அது இறங்கினால்தான் கத்தி வைப்போம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டதால் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது. ஊர் டாக்டர் மாத்திரையை ஏற்றிக்கொண்டே வந்து, போன மாசம்தான் ஒருவழியாக இறங்கியது.

மனுஷன் மேல் குற்றம் சொல்ல முடியாது. விடிந்தால் நடை, ராத்திரிக்குக் கேப்பைக் களி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு. சர்க்கரை போட்ட காப்பியைத் தொடக்கூட மாட்டார். அப்படியிருந்தும் இறங்காததால், திருட்டுத்தனமாக ஏதாவது தின்கிறாரா என்று அந்த டாக்டர் நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டாராம். 

மாடு கன்று போடுகிற நேரம் என்று அக்கா வரவில்லை. அவள் கொடுத்தனுப்பிய பையில் டாக்டர் சீட்டும் ஒரு காகிதப் பொட்டலமும் இருந்தன. பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே எல்லாம் அரை அரை மாத்திரைகள். எனக்கு வந்ததே கோபம். சின்ன வயசிலிருந்தே அவள் பிசினாரி, அது எனக்குத் தெரியும். அதற்காக மருந்திலுமா? உடனே போன் போட்டேன். இருக்கிறபடியே கொடு, சீட்டையெல்லாம் பார்க்காதே என்று சொல்லிவிட்டு, மாடு கத்துகிறது என்று வைத்துவிட்டாள்.

டாக்டர் எழுதியது காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இவள் டாக்டருக்கும் மேலே பெரிய டாக்டரோ? பொட்டலத்தைக் குப்பையில் கொட்டினேன். மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டிப் புது அட்டை வாங்கிவந்து, ராத்திரி ஒரு முழு மாத்திரை கொடுத்தேன். கண் மங்கலாயிற்றே, கையில் வைத்ததை அப்படியே விழுங்கினார். காலையில் இன்னொன்று. போட்டுக்கொண்டு, வழக்கம்போல நடந்துவிட்டு வருகிறேன் என்று மாமா கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஏதோ விழுந்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா கேட்டருகில் கிடக்கிறார். சட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வேர்வை. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைத் தெரியவில்லை. வாய் குழறியது. ஐயோ, என் கையால் கொடுத்தேனே என்று அலறினேன். என் வீட்டுக்காரர் வெங்கடாசலம்தான் ஆட்டோ பிடித்து, பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்.

குளுக்கோஸ் ஏறியதும் மாமாவுக்கு நினைவு வந்தது. சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார் டாக்டரம்மா. என்ன மாத்திரை, எவ்வளவு, யார் கொடுத்தது என்று என்னைத்தான் குடைந்தார். சீட்டையும் அட்டையையும் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை நாளாக இதே மாத்திரையைத்தானே போடுகிறார் என்று கேட்டார். அக்காவின் அரை மாத்திரைகளைக் கொட்டியதை மறைத்து, ஆமாம் என்றேன்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். தலை கலைந்து, உதடெல்லாம் வெடித்து, பார்க்கச் சகிக்கவில்லை. கட்டிலைக்கூடப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள்.

"பொட்டலத்துல இருந்தத குட்த்தியா, இல்லியா?"

கொட்டிவிட்டேன் என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனுக்கும் சக்கர இருக்குதுடி. முகாம்ல அவருக்குக் குத்தும்போது எனுக்கும் குத்திப் பாத்து சொன்னாங்கோ. ரெண்டு பேரும் சீக்காளின்னா மாட்ட யாரு பாக்கறது, கயனிய யாரு பாக்கறது? ஒரே சீக்குதானேன்னு அவரு மாத்திரையிலயே ஆளுக்குப் பாதியா போட்டுக்கினு வந்தேன்."

 பாதி மருந்தில் மாமாவுக்கு இறங்கவில்லை. இறங்கவில்லை என்று டாக்டர் ஏற்றினார். ஏற்றியதிலும் பாதி அக்காவுக்குப் போயிற்று. கடைசியில் அந்தப் பாதியே மாமாவுக்குச் சரியான அளவாகிவிட்டிருக்கிறது. நடையும் வாய்க்கட்டும் இருக்கிற உடம்புக்கு அதற்கு மேல் எதற்கு என்றார் டாக்டரம்மா. அந்த உடம்பில்தான் நான் முழுசைப் போட்டிருக்கிறேன்.

படித்தவர்கள் சொல்வதைக் கேட்கவே மாட்டீர்களா என்று டாக்டரம்மா அக்காவைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.  அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டாக்டரம்மா சட்டென்று நிறுத்திவிட்டு நர்சை அழைத்து அவள் விரலில் குத்தச் சொன்னார். மெஷினில் எண்ணே வரவில்லை. வேறு விரலில் குத்தினார்கள். அப்போதும் வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டதா என்று அசடு மாதிரி கேட்டேன்.

"கெட்டுப் போகலம்மா. அதால காட்ட முடியாத அளவுக்கு ஏறிக் கிடக்கு. இதோட எப்படி பஸ் ஏறி வந்தாங்க?"

அந்த அறையில் இருந்தது ஒரே கட்டில். மாமா தானாகவே கட்டிலைவிட்டு இறங்கினார், குளுக்கோஸ் பாட்டிலை என் கையில் கொடுத்தார். அக்காவை அதில் கிடத்தினார்கள். வெங்கடாசலமும் நர்சும் தூக்கியபோதுதான் அவள் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று பார்த்தேன். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். மாடு கன்று போட்டிருக்கிறது, நான் போகணும் என்று முனகினாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது. சிறுநீரகத்தின் நிலைமையைப் பார்க்க வேண்டும், இப்போதைக்கு எதையும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா எங்களை வெளியே அனுப்பினார்.

பெஞ்சில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை அடங்கவில்லை. அவர் அழவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேணாம்னு ஒதுக்கின சோறெல்லாம் அவதான் துன்னுக்கினு இருந்தா, பவானி. நாலு வருசமா நடந்தேன். ஒருநாளுகூட அவள வான்னு கூப்புடல."