கோபிஷாவுக்குக் கட்டிய பூ

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. ஷாஃப்ஹவுசனிலிருந்து சூரிச் போகும் ரயிலில், முன்னால் இருந்த இரண்டு பேர் கதைத்ததைக் கேட்டு எழுதுகிறேன். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

(இந்தப் பந்தியைப் பிறகு வெட்ட வேண்டி வரலாம். இப்போதைக்குக் கிடக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "2016 வசந்தத்தில், பனி உருகி, றைன் ஆறு பெருகி —" வேண்டாம். ஆற்றை உள்ளே விட்டால் கதை அதோடு போய்விடும்.

இரண்டாவது: "கோபிஷா பந்துக்குப் பயப்படாதவள்." இது நிற்கட்டும்.

கோபிஷாவுக்குப் பதினெட்டு வயது, கிம்னாசியம் என்கிற உயர்பள்ளியில் கடைசி வருடம். அவள் விளையாடியது லக்ரோஸ். தடியின் நுனியில் சிறு வலை, அதில் பந்தை ஏந்தி ஓடி எறிகிற விளையாட்டு. அவள் கோல் காப்பவள். கல்லுப் போன்ற ரப்பர் பந்து முகத்துக்கு நேரே வரும்போது எல்லாருக்கும் கண் மூடும், அவளுக்கு மூடாது. தகப்பன் மகேஸ்வரன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்த கையோடு அவளைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டு, காருக்குள்ளேயே தேத்தண்ணிப் போத்தலோடு இருப்பார். அவருக்கு விளையாட்டு விதி ஒன்றும் தெரியாது. மகள் எத்தனை பந்து மறித்தாள் என்பது மட்டும் தெரியும்.

3

அந்த மாசியில் அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. ஒரு சிறிய கல்லூரியின் பயிற்சியாளர், இளையோர் போட்டி ஒன்றில் கோபிஷாவைப் பார்த்தவர், இடம் தருகிறோம், படிப்புச் செலவில் பெரும் பங்கு எங்களுடையது என்று எழுதியிருந்தார். மனுசி நேர்மையானவர். பயிற்சியும் பின்னேரம், உயிரியல் ஆய்வுகூடமும் பின்னேரம், இரண்டையும் ஒழுங்காக முடித்தவர்கள் எங்கள் அணியில் குறைவு என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். மே முதலாம் திகதிக்குள் பதில் வேண்டும்.

சூரிச்சில் என்றால் மருத்துவம். ஆடியில் நுழைவுத் தேர்வு. விளையாட்டுக்கு, வேலை முடிந்து வருகிற பெண்கள் சேர்ந்து நடத்தும் கிளப் ஒன்று மட்டும்.

கோபிஷா ஒரு தாளில் கிழமையின் நூற்றி அறுபத்தெட்டு மணித்தியாலத்தையும் பெட்டி பெட்டியாகக் கீறினாள். வகுப்பு, ஆய்வுகூடம், பயிற்சி, பிரயாணம். எப்படிப் போட்டாலும் நித்திரைக்கு இடம் வரவில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. தாய் சிவமலர் அதைப் பார்த்துவிட்டு, பூக் கட்டிப் பார்ப்பம் பிள்ளை என்றாள்.

(இங்கே எனக்கு என் பாத்திரத்தில் சந்தேகம். சுவிஸில் பிறந்து, கணக்கில் ஆறுக்கு ஆறு எடுக்கிற பெட்டை இதற்குச் சம்மதிப்பாளோ? சம்மதித்தாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "பிழையாப் போனால் என்னை நானே ஏசத் தேவையில்லைத்தானே.")

4

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்கு வந்தார்கள். அங்கே மாலை கட்டுகிறவள் ஜெயகௌரி என்று ஒருத்தி. அவளுக்கு மூன்று வரிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று இருந்தேன்.

சிவப்புக் கார்னேஷன் அமெரிக்கா, வெள்ளை சூரிச். சிவமலர் கேட்டபடி ஜெயகௌரி பூக்களை அலுமினியத் தாளில் சுற்றி இரண்டு பொட்டலமாக்கினாள். ஐயர் சாமியின் காலடியில் வைத்து எடுத்து, ஒரு தட்டில் நீட்டினார். கோபிஷா தட்டின் முன் முழங்காலைக் கொஞ்சம் மடித்து, இரண்டு கையையும் விரித்து நின்றாள். கோலுக்கு முன்னால் அப்படித்தான் நிற்பாள். பிறகு இடது பக்கத்தை எடுத்தாள்.

வெள்ளை.

அவள் அழவில்லை. சரி என்று சாமிக்குத் தலையாட்டினாள். மகேஸ்வரன் வெளியே போய்ச் சப்பாத்துக் கயிறு கட்டினார். அவ்வளவு நேரம் எடுக்கிற வேலையில்லை அது.

5

முடிவுகள்.

(அ) கோபிஷா அமெரிக்கா போகிறாள், முதல் ஆட்டத்திலேயே பதினான்கு பந்தை — இதை வெட்டிவிட்டேன். ஆசைக்கு எழுதியது.

(ஆ) தேர்வில் சித்தியடைகிறாள். இரண்டு வருடம் மருத்துவமும் கிளப்பும் என்று ஓடுகிறாள். உடற்கூற்றியல் சோதனையும் இறுதி ஆட்டமும் ஒரே கிழமை வர, ஆட்டத்தை விடுகிறாள். பிறகு பயிற்சியையும். தலைக்கவசம் கீழறையில் சூட்கேசுகளுக்கு மேலே கிடக்கிறது. இதுதான் நடந்தது.

நல்ல முடிவுதானே, பிள்ளை டொக்டராகிறாள் என்பீர்கள். ஓம். அதற்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும்.

6

எழுத்துத் தமிழ் போதும். முதலாம் பந்தி பொய். ஜெயகௌரி நான்தான்.

ரெண்டு பொட்டலத்திலையும் வெள்ளைதான் வைச்சனான்.

ஏன் எண்டு கேட்டால், பிள்ளையின்ர படிப்புக்காக எண்டு மூண்டு வருசமா எனக்கே சொல்லிக்கொண்டு வந்தன். அதுவும் பொய். யாழ்ப்பாணத்தில படிக்கேக்க நான் வலைப்பந்து அணித்தலைவி. மாகாணப் போட்டிக்குத் தெரிவான அண்டைக்கு, சோதனை வருது, விளையாடினது காணும் எண்டார் அப்பா. எனக்கு ஒருத்தரும் பூக் கட்டியும் பாக்கேல்லை. மகேஸ்வரன் அண்ணை அந்தப் பிள்ளையின்ர தடியைத் தோளில மாட்டிக்கொண்டு கோயில் வாசலில நிண்டதைக் கண்டன். வயிறு எரிஞ்சுது. கை தானா வெள்ளையை எடுத்துது. இல்லை, தானா இல்லை. நான் எடுத்தனான். மற்றப் பொட்டலத்தை வாடின பூவோட குப்பையில போட்டனான்.

7

போன மாசம் மெய்யாவே ரயிலில சந்திச்சனாங்கள். கோபிஷா எனக்குப் பக்கத்தில வந்து இருந்தாள். மூண்டாம் வருசமாம். கண்ணுக்குக் கீழ கறுப்பு. வழியில ஒரு மைதானத்தில பெட்டையள் ஏதோ விளையாடிக்கொண்டு நிண்டதை, ரயில் தாண்டின பிறகும் திரும்பிப் பாத்தாள். பிறகு கேட்டாள்:

"முருகன் சரியாத்தான் சொன்னவர், என்ன மாமி?"

கேட்டுப்போட்டு என்ர முகத்தையே பாத்தாள். கண் மூடேல்லை. நான் ஓம் எண்டன்.

அதுக்குப் பிறகுதான் இதை எழுதத் தொடங்கினன். தமிழ்ப் பாடசாலையில எட்டாம் வகுப்பு வரை படிச்சவள், மெல்ல மெல்ல எண்டாலும் வாசிப்பாள். சொன்னால், பாரத்தைச் சாமியில இறக்கி வைச்சிருக்கிற நிம்மதி அவளுக்குப் போயிடும். தடியைத் தூக்கின கை வேற, கத்தி பிடிக்கப் பழகிற கை வேற எண்டு ஆன பிறகு சொல்லி என்ன பிரயோசனம்? சொல்லாட்டில், என்ர வயித்தெரிச்சலை முருகன் எண்டு கும்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

இண்டைக்கு வெள்ளிக்கிழமை. இந்தத் தாளுகள் மாலைக் கூடைக்குள்ள, கார்னேஷனுக்குக் கீழ இருக்கு. வாசலில அவள் சப்பாத்துக் கழட்டுறாள். குடுக்கவோ, விடவோ?

முடிவை நான் கட்டமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ. பூப் போட்டுப் பாக்காதேங்கோ, உங்கட வாயால சொல்லுங்கோ.