பட்டாணியின் அழுகை

ஊசியக்கா தடுப்பூசி போட்ட குழந்தைகளின் அழுகை எல்லாம் சாயங்காலம் அவளோடு வீட்டுக்கு வந்துவிடும். குழந்தை அம்மாவின் தோளில் இரண்டு விம்மலோடு அடங்கிப்போகும். அழுகை மட்டும் மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் மூடியைத் திறந்தால் ஒன்று குடத்துக்குள் போகும், ஒன்று கொசுவலைக்குள் போகும், மூக்கடைத்த ஒன்று எப்போதும் மிக்ஸி ஜாரைத்தான் பிடிக்கும். அந்தந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் அன்று அதனதன் அழுகை தானாகக் கரைந்துவிடும். வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்து, "குழந்தை குட்டி இல்லாத ஆளுன்னுதானேம்மா வீடு குடுத்தேன்?" என்றார். "நானும் அப்படித்தான் சார் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்.

அவள் முனை திரும்பினாலே தெரு காலியாகிவிடும். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் "ஊசியக்காவக் கூப்பிடவா?" என்றால் போதும், தட்டு சுத்தம். அந்தப் பக்கத்துப் பேய் பிசாசுகளுக்கு வேலை போய்ப் பல வருஷமாகிறது. அவள் பையில் கிடக்கும் மிட்டாயை எறும்புகள்தான் மரியாதையாக வந்து வாங்கிக்கொள்ளும்.

புதிதாகக் குடிவந்த தையல்காரியின் மகள் பட்டாணிக்கு மட்டும் இந்த விவரம் எட்டவில்லை. ஒன்றேகால் வயது, தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. தத்தித் தத்தி வந்து ஊசியக்காவின் மடியில் ஏறி, மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிச் சிரித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு இப்படி ஒன்று நடந்ததில்லை. "லேசா சளி இருக்காப்ல இருக்கு, அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்றாள். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் பல் முளைக்கிறது என்றாள், அதற்கடுத்த மாதம் வெயில் என்றாள். தள்ளிப்போடாதீங்க, தள்ளிப்போடாதீங்க என்று ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற அதே வாய்தான். தையல்காரியே, "சிஸ்டர், ஊசி போட வர்றீங்களா, எம் பொண்ணப் பொண்ணு பாக்க வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

பிறகு அடுத்த தெருவுக்குத் தட்டம்மை வந்தது. விருந்தாளியாக வந்திருந்த ஒரு பையன் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். அன்று வீடு திரும்பிய ஊசியக்கா குடம் குடமாகக் காது கொடுத்துக் கேட்டாள். தையல்காரி தெருப் பிள்ளைகள் எல்லாருடைய அழுகையும் இருந்தது. பட்டாணி இருக்கவேண்டிய இடத்தில் சத்தமே இல்லை. வீடு கொள்ளாத அத்தனை அழுகையிலும் அந்த ஒரு மௌனம்தான் அவள் காதைத் துளைத்தது.

விடிந்ததும் முதல் வீடாகப் போனாள். பட்டாணி ஓடிவந்து மடியில் ஏறிக் கண்ணாடிக்குக் கை நீட்டியது. கொடுத்தாள். ஆசை தீர விளையாட விட்டு, திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, ஊசியைப் போட்டாள். குழந்தை அழுவதற்கு முன் ஒரு கணம் அவளையே பார்த்தது. நீயுமா என்று கேட்கிற பார்வை. தையல்காரி வாரி எடுத்துத் தோளில் போட்டு, "ஒண்ணுமில்லடி தங்கம், அக்கா போயிடுவாங்க, இப்பப் போயிடுவாங்க" என்று முதுகைத் தட்டினாள். அக்காவும் போய்விட்டாள்.

தட்டம்மை அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, தங்க இடமில்லாமல் போய்ச் சேர்ந்தது. பட்டாணி இப்போதெல்லாம் ஊசியக்காவின் செருப்புச் சத்தம் கேட்டாலே தையல் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

ஊசி போட்ட அன்று சாயங்காலம் அவள் பெட்டியின் மூடியைத் திறந்தாள். பட்டாணியின் அழுகை மற்றவை போலக் குடம் தேடிப் போகவில்லை. தத்தித் தத்தி வந்து மடியில் ஏறிக்கொண்டது. பட்டாணி பள்ளிக்கூடம் சேர இன்னும் சில வருஷம் இருந்தது. ஊசியக்கா கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கமாக நீட்டினாள்.