பதினாலு இரவு

சப்பாத்து ஏறவில்லை. பிரகாஸ் தகப்பனின் குதிக்காலை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மற்றக் கையால் மூன்றாம் தடவையாகத் தள்ளிப் பார்த்தான். விரல்கள் உள்ளே போயின, பாதம் போகவில்லை.

"அப்பாக்கு எட்டாம் சைஸ்தானேயடி? நான் எட்டுத்தானே வாங்கிக்கொண்டு வந்தனான்?"

"எட்டுத்தான் அண்ணை," என்றாள் தங்கை ஜெனிற்றா.

செத்த மனிசனுக்குச் சப்பாத்து எதற்கு என்று கேட்காதீர்கள். குருநகரில் அப்படித்தான். நாற்பது வருசம் வெறுங்காலோடு வள்ளம் தள்ளிய கனிசியசும் பெட்டிக்குள் போகும்போது கால்சட்டை, நீளக்கைச் சேட், சப்பாத்து என்று மாப்பிள்ளைக் கோலத்தில்தான் போக வேண்டும். அதற்காகத்தான் மகன் பாரிசிலிருந்து அவசரமாகப் புறப்பட்டு வந்த வழியில், விமான நிலையக் கடையில் இந்தச் சப்பாத்தை வாங்கியிருந்தான். அவன் வந்து சேரும்வரை உடல் இரண்டு நாள் மலர்ச்சாலைக் குளிரறையில் இருந்தது.

மலர்ச்சாலையிலிருந்து வந்த எமில்ராஜ் சேட்டுக்குத் தெறி பூட்டிக்கொண்டிருந்தவன், குனிந்து காலைப் பார்த்தான். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமத்தினான். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே கிடந்தது.

"விடுங்கோ அண்ணை, ஏறாது. உது செத்தாப்பிறகு வந்த வீக்கமில்லை. நான் எத்தினை பேரைப் பாத்திட்டன். நெஞ்சு ஏலாமப் போனா இப்பிடித்தான் காலிலை தண்ணி இறங்கும். ஐயா கன நாளாப் படுக்க ஏலாம மூச்சு முட்டி இருந்திருப்பாரே, ஒருத்தரும் காணேல்லையே?"

"அப்பா நித்திரையிலைதான் போனவர்," என்றாள் ஜெனிற்றா. "எனக்கு வடிவாத் தெரியும்."

இரண்டு நாளாக வந்தவர் போனவர் எல்லாருக்கும் அவள் சொன்னது இதைத்தான். அவளுக்குப் பிடித்து நிற்க இருந்ததும் அந்த ஒரு சொல்தான். அதற்கு அவளிடம் அத்தாட்சியும் இருந்தது.

ஜெனிற்றா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. இரவில் கடலுக்குப் போய் நாற்பது வருசம் நித்திரையைத் துண்டு துண்டாகவே கொண்ட கிழவர்களின் உடம்பு, முதுமையில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. முப்பது பேர் வேண்டும். ஒவ்வொருவருடைய இடக்கையிலும் முகமில்லாத கறுப்பு மணிக்கூடு ஒன்றைக் கட்டிவிட்டுப் பதினாலு இரவு விட வேண்டும். கை அசைந்தால் முழிப்பு, அசையாவிட்டால் நித்திரை என்று அது தன்பாட்டில் பதிந்துகொள்ளும். இருபத்தொன்பது பேரில் ஒரு குறையும் வரவில்லை. முப்பதாவது ஆள் கனடாவுக்கு மகனிடம் போய்விட்டார். ஆய்வை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது, வேறு ஆளில்லை. அப்பாவின் கையில் கட்டினாள்.

அன்றைக்குத் தகப்பனும் தாயும் விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, பாதர் சொல்வதைக் கேட்பதுபோல அவள் சொன்னதைக் கேட்டார்கள். அப்பாவுக்கு இரண்டு மணிக்கு முழிப்பு வரும், பழைய வள்ளம் தள்ளுகிற நேரம். அம்மா எழும்பித் தேத்தண்ணி வைத்துக் கொடுப்பா. அது இந்தப் பதினாலு நாளும் கூடாது என்றாள் ஜெனிற்றா. பத்திலிருந்து ஐந்துவரை ஒருத்தரும் எழும்பக் கூடாது, கதைக்கக் கூடாது, தேத்தண்ணி கூடாது. "ஒரு நாள் பிழைச்சாலும் முழுக்கப் பிழைச்சுப்போடும் அம்மா," என்று வேறு சொல்லி வைத்தாள். அது அவ்வளவு உண்மையில்லை. அம்மா சொல்வழி கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

"அப்ப இது எனக்குச் சோதினை," என்று சிரித்தார் கனிசியஸ். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போன மனிசன். "பெயில் விடமாட்டன் பிள்ளை, நீ பயப்பிடாதை."

பெயில் விடவும் இல்லை. முதல் கிழமைப் பதிவைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது அவள் துள்ளிக் குதிக்காத குறை. முப்பது பேரிலும் அப்பாதான் முதல். அசைவில்லாத, அறுபடாத நித்திரை. பேராசிரியருக்குக்கூடக் காட்டி, இந்த உடம்பு எப்படி இதைச் சாதித்தது என்று பெருமையடித்தாள். பன்னிரண்டாம் இரவு விடிய அவர் கதிரையில் சாய்ந்தபடி குளிர்ந்துபோய் இருந்தார். அழுவதற்கு முன்னம் அவள் செய்த வேலை, அந்த மணிக்கூட்டைக் கழற்றிக் கணினியில் மாட்டியதுதான். நினைத்தால் அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை. ஆனால் பதிவு சொன்னது: பத்தரைக்கு நித்திரை. முடிவுவரை நித்திரை.

இப்போது எமில்ராஜ் அமத்திய குழி இன்னும் நிரம்பவில்லை. பன்னிரண்டு நாளாகத் தினமும் அவள் தகப்பனுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுப் பட்டியைச் சரிபார்த்தாள். பார்த்தது மணிக்கட்டை மட்டும்.

படுத்துக்கிடந்த மனிசன் ஏன் கதிரையில் செத்தார்? அந்தக் கேள்வியை அவள் இரண்டு நாளாகத் தனக்குள்ளேயே கிட்டவும் விடவில்லை. விடிய எழும்பி வந்து இருந்திருப்பார் என்று சொல்லிச் சமாளித்தாள். எழும்பி வந்திருந்தால் கை அசைந்திருக்குமே.

தாய் ஸ்ரெல்லா குசினியில் இருந்தா. கறுப்புச் சீலையோடு, அடுப்படியில், பலகைக்கட்டையில். முன்னால் வந்த சனத்துக்குக் கொடுத்த தேத்தண்ணிக் கிளாசுகள் கழுவாமல் கிடந்தன. ஜெனிற்றா கதவைச் சாத்தினாள்.

"அம்மா, அப்பாக்கு இரவிலை மூச்சு முட்டினதே?"

தாய் கழுவாத கிளாஸ் ஒன்றைக் கிட்ட இழுத்தா.

"அம்மா, உங்களைத்தான் கேக்கிறன். சொல்லுங்கோ."

"நீ என்னை ஏசப்படாது பிள்ளை."

"ஏசேல்லை. சொல்லுங்கோ."

"நான் எழும்பினனான்," என்றா ஸ்ரெல்லா. "ஒவ்வொரு நாளும் எழும்பினனான். மனிசன் படுக்க ஏலாம எழும்பிக் கதிரையிலை குந்திக்கொண்டு அந்தரப்படேக்கை நான் எப்பிடியடி படுத்துக் கிடக்கிறது? தேத்தண்ணி வைச்சுக் குடுத்தனான். நெஞ்சைத் தடவி விட்டனான். சத்தம் போடாமத்தான் செய்தனான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" ஜெனிற்றாவின் குரல் கீச்சிட்டது. "ஐயோ அம்மா, ஏன் சொல்லேல்லை? அடுத்த அறையிலைதானே கிடந்தனான்!"

"சொன்னா நான் எழும்பினது தெரிஞ்சிடுமே. உன்ரை படிப்பு முழுக்கப் பிழைச்சுப்போடும் எண்டனியெல்லே. நான் ஆசுப்பத்திரிக்குப் போவமெண்டு எத்தினை தரம் கேட்டனான். 'பொறப்பா, பதினாலு முடியட்டும், இன்னும் ரெண்டு நாள்தானே' எண்டார்."

"கை…" ஜெனிற்றா தன் இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். "இடக்கை அசையேல்லையே அம்மா. நான் பாத்தனான். ஒரு நாளும் அசையேல்லை."

"அதை அவர் அசைக்கேல்லை," என்றா தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல அவசரமாகச் சொன்னா. "எழும்பேக்கையும் அந்தக் கையை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டுதான் எழும்புவார். பிறகு கதிரைக் கைப்பிடியிலை வைச்சா வைச்சதுதான். கிளாசை வலக்கையாலைதான் பிடிப்பார். இழுப்பு வந்து உடம்பு முழுக்க உதறேக்கையும் அந்தக் கையை அமத்திப் பிடியெண்டு என்னட்டைச் சொல்லுவார். நான்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். 'பிள்ளைக்கு நித்திரை எண்டு விழவேணும், இல்லாட்டிப் பெயில்' எண்டார்."

வெளியே சவ ஊர்வலத்துக்கான பாண்டு வாத்தியக்காரர் வந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"கடைசி நாள்?" என்று கேட்டாள் ஜெனிற்றா. கேட்காமல் விட்டிருக்கலாம். விட அவளால் முடியவில்லை.

"கடைசி நாள் நான் உன்ரை அறைக் கதவிலை கை வைச்சிட்டன். வலக்கையாலை வேண்டாமெண்டு காட்டினார். அரைக் கிளாஸ் குடிச்சவர். 'நீ போய்ப் படு, பிள்ளை எழும்பப்போறாள்' எண்டார். நான் போய்ப் படுத்திட்டன்." ஸ்ரெல்லா மகளின் கையைப் பிடித்தா. "நான் எழும்பினதாலை ஒண்டும் பிழைக்கேல்லைத்தானே? அவர் அவ்வளவு கஸ்ரப்பட்டுப் பிடிச்சவர் பிள்ளை. பாஸ்தானே?"

ஜெனிற்றா வாயைத் திறந்தாள். என்னாலைதான் அம்மா, நான் சும்மா கூட்டிச் சொன்ன ஒரு சொல்லாலைதான், என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தாயின் முகம் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"பாஸ் அம்மா," என்றாள். "அப்பாதான் முதலாவது."

ஸ்ரெல்லா தலையாட்டினா. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி முன்னுக்குப் போனா.

மூன்றரைக்குப் பாதர் வந்து செபம் சொன்னார். கால்களுக்கு வெள்ளைக் காலுறை மட்டும் போட்டுச் சீலையால் மூடியிருந்தார்கள். சப்பாத்து இரண்டும் கதிரைக்குக் கீழே கிடந்தன. கைகளை நெஞ்சில் கோத்து எமில்ராஜ் செபமாலையால் சுற்றிக் கட்டியிருந்தான். பக்கத்து வீட்டு லெனாட்டின் மனைவி ஜெனிற்றாவைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"நித்திரையிலை போனவராமே பிள்ளை? கொடுத்து வைச்ச மனிசன். ஆருக்கு இப்பிடிக் கிடைக்கும்?"

"ஓம் மாமி," என்றாள் ஜெனிற்றா.

பாண்டு தொடங்கியது. நாலு பேர் பெட்டி மூடியை எடுக்கப் போனார்கள். ஸ்ரெல்லா கையை நீட்டிப் பொறுங்கோ என்றா. குனிந்து, செபமாலைச் சுற்றை மெதுவாகத் தளர்த்தி, இடக்கையை மட்டும் விடுவித்தா. மணிக்கட்டில் பட்டி இருந்த தடம் வெளிறிக் கிடந்தது. அதை ஒருமுறை தடவிவிட்டுக் கையை அவர் பக்கத்தில் தனியாகக் கிடத்தினா.

"பதினாலும் முடிஞ்சுதப்பா," என்றா அவர் காதுக்குள். "இனிக் கையை ஆட்டுங்கோ."

பிரகாஸ் தாயைப் பிடித்து நிமிர்த்தினான். மூடியைக் கொண்டுவந்து வைக்கும்வரை ஜெனிற்றா அந்தக் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.