முப்பதாவது ஆள்

உள்நாட்டுப் போரின் மூன்றாவது ஜனவரியில் டென்னஸி மலையடிவாரத்தில் நனைந்துகொண்டிருந்த எங்கள் ஓஹையோ கம்பெனியின் மேல் அரசாங்கத்துக்குத் திடீரென்று பாசம் வந்தது. மூன்று வருஷத்துக்கென்று சேர்ந்தவர்கள் இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் ஒரு மாதம் ஊருக்குப் போய்வரலாம். கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் போட்டால் கொடியோடு, பேண்டு வாத்தியத்தோடு, எல்லோரும் ஒன்றாக உடனே போகலாம். இல்லாவிட்டால் மேலிடத்துக்கு வசதிப்பட்டபோது ஒவ்வொருவராக. மேலிடத்துக்கு எதுவும் வசதிப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

நாங்கள் நாற்பது பேர். முப்பது கையெழுத்து வேண்டும். இருபத்தொன்பது வந்துவிட்டது. மற்றவர்களில் எட்டுப் பேர் போன இலையுதிர்காலத்தில் வந்த புதியவர்கள்; அவர்கள் போட முடியாது. இரண்டு பேர் தளபதியே வந்து காலில் விழுந்தாலும் மாட்டோம் என்றார்கள். மிஞ்சியவர் ஓபெட் கிரம்.

ஓபெட்டுக்கு முப்பத்தாறு வயது. எங்களுக்கெல்லாம் அண்ணன். செப்டம்பரில் அவருடைய மூன்று வருஷம் முடிகிறது. கிளம்பும்போது மனைவி லவீனியாவிடம் பைபிள் மேல் கைவைத்து, மூன்று வருஷம், அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை என்று சத்தியம் செய்திருந்தார். அந்த அம்மாள் அதை நம்பிப் பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

முதலில் கேப்டன் பிளண்ட் பேசினார். போருக்கு முன் ஊரில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். நாங்களே ஓட்டுப்போட்டுக் கேப்டனாக்கியவர், ஆகவே குறைசொல்ல வழியில்லை. தேசத்தையும் அதே குரலில்தான் ஏலம் விட்டார். ஓபெட் கேட்டு முடிக்கும்வரை புகைக்குழாயைச் சுத்தம் செய்தார். புகைக்குழாய் நன்றாகச் சுத்தமாயிற்று.

பிறகு நாங்கள் அன்பைக் கையிலெடுத்தோம். அதுவரை யாரும் யாருக்கும் ஒரு பிஸ்கட் துண்டு கூடக் கொடுத்ததில்லை. இப்போது ஓபெட்டின் காலுறையைத் துவைக்கச் சண்டை. காப்பி கொதித்ததும் முதல் குவளை அவருக்கு. பன்றிக்கறியில் கறுப்பாகாத துண்டு அவருக்கு. காவல்முறையை நான் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "படிச்ச தம்பி, நீ காவலுக்கு நின்னா எனக்குத் தூக்கம் வராது" என்றார். கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான் என்பதால் கம்பெனியில் எனக்கு அதுதான் பெயர்.

கடைசியில் அவரைச் சாய்த்தது சார்ஜென்ட் வார்ட். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் போருக்கு வந்த பிறகு பிறந்த மகளின் போட்டோவை எடுத்துக்கொண்டு ஓபெட்டுக்கு எதிரில் உட்கார்ந்தான். குழந்தையின் முகம் தனக்குத் தெரியாமல், ஓபெட்டுக்கு நன்றாகத் தெரியும்படி நெருப்புப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

"எங்கடா அந்தக் காகிதம்" என்றார் ஓபெட்.

மறுநாள் காலையில் அவருக்குக் காப்பி கடைசியாகத்தான் கிடைத்தது. பாதிக்குமேல் சக்கை.

ரயிலுக்குக் காத்திருந்த இடத்தில் காகிதங்களைச் சரிபார்த்த அதிகாரி, நல்ல மனிதர், கேப்டனைப் பாராட்டினார். புதிதாக வந்த எட்டுப் பேரை மொத்தத்தில் சேர்க்கவே கூடாது, கையெழுத்துப் போடத் தகுதியுள்ள முப்பத்திரண்டு பேரில் முக்கால்வாசி, அதாவது இருபத்துநான்கே போதும், நீங்கள் ஆறு பேர் கூடவே தேசத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். விதி தெரிந்த ஆள் எங்களிடம் ஒருவரும் இல்லை. விதியைப் படித்துச் சொல்ல ஒரு கேப்டன் மட்டும்தான் இருந்தார்.

ஓபெட் தன் பெயரை அடித்துவிட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். கையெழுத்தோடு சத்தியமும் செய்தாகிவிட்டதே என்றார் அதிகாரி. இதற்கு முந்தைய சத்தியத்தைப் பற்றி ஓபெட் அவரிடம் சொல்லவில்லை.

ஊரில் தேவாலயத்துப் பெண்கள் கோழிக்கறி அடைத்த அப்பமும் சிப்பி சூப்பும் போட்டார்கள். ஓபெட் சாப்பிடாமல் என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனார். நீ படித்தவன், நீ சொன்னால் எடுபடும் என்றார். லவீனியா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் நாட்டின் ஐக்கியம், அடிமைகளின் விடுதலை, வரலாறு என்று மூன்றையும் சொன்னேன். மூன்றும் உண்மைதான். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"இன்னும் எத்தன வருஷம்?"

"மூணு. சண்ட அதுக்குள்ள முடிஞ்சா முன்னாடியே..." என்றார் ஓபெட்.

"யாரு கேட்டா?"

"எல்லாரும் கேட்டாங்க லவீனியா."

"நானும் ஒருத்தி கேட்டேன். என் குரல் சின்னது போல."

அதன்பின் அந்த மாதம் முழுக்க அவள் சண்டை போடவில்லை. சமைத்துப் போட்டாள், உடுப்பைத் துவைத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார் ஓபெட். மறுபடி சேர்ந்தவர்களுக்குக் கோட்டின் இரு கைகளிலும் சிவப்புப் பட்டை உண்டு; மனைவிமார் தைத்துக் கொடுத்து அனுப்பவேண்டும் என்று கேப்டன் உத்தரவு போட்டிருந்தார். கோட்டையும் பட்டையையும் கொடுத்ததும் லவீனியா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாளாம்.

கிளம்புகிற நாள் வண்டியோடு போய் நின்றேன். ஓபெட் கோட்டை எடுத்து மாட்டினார். கை வெளியே வரவில்லை. பட்டைகள் நேர்த்தியாக இருந்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு கைமுனைகளும் எறும்பு நுழைய இடமில்லாமல் தைத்து மூடப்பட்டிருந்தன.

கொல்லையில் லவீனியா விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவர் அப்படியே, கை முளைக்காதவர்போல, வாசலில் நின்று அந்தப் பக்கம் பார்த்தார். கோடரிச் சத்தம் நிற்கவில்லை. நேரமாகிறது என்றேன். கோட்டைக் கழற்றி, பிரித்துப் பார்த்தார், நூல் அசையவில்லை. என்னிடம் பேனாக்கத்தி வாங்கிக் கைமுனைகளை அறுத்தார்.

ஸ்டேஷனில் பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, நைந்து தொங்கிய கைகளுக்கு முன் நின்றார். அரசாங்க உடுப்பைப் பாழாக்கியதற்கு ஒரு வாரம் கூடுதல் காவல் என்று அறிவித்துவிட்டு, கொஞ்சம் இரக்கத்தோடு கேட்டார்: "உன் பொண்டாட்டிக்குத் தைக்கத் தெரியாதாய்யா?"

"நல்லாத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு ஓபெட் ரயில் ஏறினார்.